மில் கேட்டிலிருந்து பையர் மேசை வரை: பன்னாட்டுக் கம்பெனியிடம் கணக்குக் கேட்பது எப்படி

சேலத்தைச் சுற்றி நூல் மில்லிலோ கார்மென்ட்ஸிலோ வேலை பார்ப்பவர்கள், ஏற்காட்டில் காப்பிப் பழம் பறிப்பவர்கள், மேட்டூர் பக்கம் ஆலைப் புகையில் குடியிருப்பவர்கள், யாரிடம் பேசினாலும் ஒரு கட்டத்தில் பேச்சு இங்கேதான் வந்து நிற்கும்: "மேனேஜர்கிட்ட சொன்னோம், கேக்கல. லேபர் ஆபீஸ்ல இருந்து வந்து பாத்துட்டுப் போயிட்டாங்க. இதுக்கு மேல யாருகிட்டங்க போறது?" இதற்கு மேலும் போக இடம் இருக்கிறது. நாம் செய்கிற பொருளை வாங்கி விற்று லாபம் பார்க்கிற கம்பெனி ஸ்வீடனிலோ ஜெர்மனியிலோ அமெரிக்காவிலோ இருந்தால், அந்த நாட்டுச் சட்டத்தையும் அந்தக் கம்பெனியில் பணம் போட்டிருப்பவர்களையும் சேலத்தில் உட்கார்ந்துகொண்டே தட்டி எழுப்ப முடியும். இதில் பாதி வேலைக்கு வக்கீல் தேவையில்லை, பொறுமையும் ஒரு நோட்டும் போதும். தொழிற்சங்கத்தில் இருப்பவர்கள், ஊருக்காக மனு எழுதிக் கொடுப்பவர்கள், மில்லில் தங்கை வேலை பார்க்கிறாள் என்று கவலைப்படுபவர்கள், எல்லோரையும் மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

பொருள் யாருக்குப் போகிறது?

கேட்டில் மாட்டியிருக்கும் போர்டை நம்பி ஆரம்பிக்காதீர்கள். ஒரே காம்பவுண்டுக்குள் வேறு வேறு பெயரில் யூனிட் நடக்கும், சம்பளத்தை ஆளெடுக்கிற ஏஜென்சி போடும். பிஎஃப் பாஸ்புக்கை யுஏஎன் எண் (பிஎஃப் உறுப்பினருக்குக் கொடுக்கிற எண்) போட்டு எடுத்தால் பணம் கட்டுகிற நிறுவனத்தின் பெயர் அதில் வரும். அதோடு இஎஸ்ஐ விவரம், சம்பளச் சீட்டு, சம்பளம் ஏறியபோது பேங்கிலிருந்து வந்த எஸ்எம்எஸ் எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பெயர் ஒன்றுதானா என்று பாருங்கள். வேறு வேறு பெயர் வந்தால் அதையும் குறித்து வையுங்கள். நாளைக்கு "இந்தப் பெண் எங்கள் தொழிலாளியே இல்லை" என்று ஒரு கடிதம் வரும், அன்றைக்கு இந்தக் குறிப்பு வேண்டும்.

அடுத்து, பையர், அதாவது பொருளை வாங்குகிற கம்பெனி, யார் என்று பார்க்க வேண்டும். கார்மென்ட்ஸ் என்றால் இது சுலபம், பேக்கிங் செக்ஷனில் இருப்பவர்களுக்கே தெரியும். சட்டையின் உள்பக்கத் தையலில் வைத்துத் தைக்கிற வாஷ்கேர் லேபிளைப் பாருங்கள். அமெரிக்காவுக்குப் போகிற துணியில் பெரும்பாலும் 'ஆர்என்' என்ற இரண்டு ஆங்கில எழுத்தும் பக்கத்தில் ஓர் எண்ணும் இருக்கும். அமெரிக்காவில் அந்தத் துணியைச் செய்கிற, இறக்குமதி செய்கிற அல்லது விற்கிற கம்பெனிக்கு அந்த நாட்டு வர்த்தக ஆணையம் கொடுத்த எண் அது. ஆணையத்தின் இணையதளத்தில் எண்ணைப் போட்டால் கம்பெனி பெயர் காசில்லாமல் வந்துவிடும். அட்டைப்பெட்டியின் ஸ்டிக்கரில் ஆர்டர் எண், ஸ்டைல் எண், எந்தத் துறைமுகத்துக்குப் போகிறது என்பதெல்லாம் அச்சாகியிருக்கும். லைனில் போனை எடுத்துப் படம் பிடிக்கப் போய் வேலையை இழக்க வேண்டாம். எண்ணை மனதில் வைத்துக்கொண்டு வெளியே வந்து எழுதினாலே போதும். ஓப்பன் சப்ளை ஹப் என்று ஒரு இணையதளம் இருக்கிறது, பல பிராண்டுகள் தங்களுக்குத் தைத்துக் கொடுக்கிற ஃபேக்டரிகளின் பட்டியலை அதில் போட்டு வைத்திருக்கின்றன. சேலம், நாமக்கல், ஈரோடு, திருப்பூர் என்று ஊர் பெயரைப் போட்டுத் தேடுங்கள்.

நூல் மில் கொஞ்சம் கஷ்டம். நம் ஊரில் ஓடுகிற நூல் திருப்பூருக்கோ கரூருக்கோ போய், அங்கே துணியாகி, சாயமேறி, தைக்கப்பட்டு அப்புறம்தான் கப்பலேறும். இங்கே உதவுவது மில் ஆபீஸ் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் சான்றிதழ்கள். ஆர்கானிக் பருத்திக்கான காட்ஸ் சான்றிதழ் வாங்கிய மில்களின் பட்டியல் பொதுவில் இருக்கிறது. அந்தத் தரநிலையில் தொழிலாளர் நிபந்தனைகளும் உண்டு, மீறினால் புகார் கொடுக்க வழியும் உண்டு. மில் பெரிய கம்பெனியாக இருந்து பங்குச் சந்தையில் முதல் ஆயிரத்துக்குள் வந்தால் 2022-23 நிதியாண்டிலிருந்து பொறுப்பு அறிக்கை ஒன்றை வெளியிட்டே ஆக வேண்டும் என்று பங்குச் சந்தையைக் கண்காணிக்கிற செபி விதித்திருக்கிறது. அதில் எத்தனை தொழிலாளர் புகார் வந்தது, எத்தனை தீர்ந்தது என்று எண்ணிக்கை இருக்கும். நீங்கள் நேரில் கொடுத்த புகார் அந்தக் கணக்கில் இல்லையென்றால், அந்த ஒரு வரியே உங்கள் கடிதத்துக்குப் போதும்.

காப்பிக்கு வேறு வழி. ஏற்காட்டுக் காப்பி கியூரிங் முடிந்து ஏற்றுமதிக்குப் போகும்போது சாக்கின் மேல் சர்வதேசக் காப்பி அமைப்பின் குறியீடு ஒன்று போடுவார்கள். நாட்டுக்கு ஓர் எண், ஏற்றுமதி செய்பவருக்கு ஓர் எண், லாட்டுக்கு ஓர் எண் என்று மூன்று பகுதி அதில் இருக்கும். எஸ்டேட் வாசலில், தோட்டங்களுக்குச் சான்றிதழ் கொடுக்கிற ரெயின்ஃபாரஸ்ட் அலையன்ஸின் தவளைப் படம் இருந்தால் அந்த அமைப்பிலும் புகார் வாங்குகிறார்கள்.

எழுதி வைப்பது

இதில்தான் முக்கால்வாசி விவகாரம் ஜெயிக்கிறது, அல்லது படுத்துவிடுகிறது. "அங்க ரொம்பக் கொடுமைங்க" என்று நாலு பேர் சொல்வது உண்மைதான், ஆனால் ஸ்டாக்ஹோமில் அதைப் படிப்பவருக்குப் பிடித்துக்கொள்ள அதில் ஒன்றுமே இல்லை. ஒரு குறிப்பு எப்படி இருக்க வேண்டும் என்று காட்டுகிறேன்:

"செவ்வாய்க்கிழமை, நைட் ஷிப்ட், கோன் வைண்டிங். பத்தரை மணிக்கு வயிற்றுவலி என்று சொன்னேன். சூப்பர்வைசர் ஒரு மாத்திரை கொடுத்தார், அட்டையைக் காட்டவில்லை, என்ன மாத்திரை என்றும் சொல்லவில்லை. காலையில் ஷிப்ட் முடிந்த பிறகும் ஆள் வரவில்லை என்று பத்து மணி வரை மெஷினில் நிற்க வைத்தார்கள். கார்டு ஆறரைக்கே பஞ்ச் ஆகிவிட்டது. அப்புறம் ஹாஸ்டலுக்குப் போய், ஆஸ்பத்திரி போகணும் என்று கேட்டதற்கு ஞாயிற்றுக்கிழமைதான் வெளியே விடுவோம் என்று வார்டன் சொன்னார்."

இதில் கோபமான வார்த்தை ஒன்றுகூட இல்லை. ஆனால் என்னவென்று தெரியாத மருந்து, கூலி இல்லாத ஓவர்டைம், பொய்யான வருகைப் பதிவு, வெளியே விடாமல் அடைத்து வைப்பது, நான்கும் வந்துவிட்டன. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு கட்டாய உழைப்பை அடையாளம் காண 11 அறிகுறிகள் வகுத்திருக்கிறது. ஏமாற்றி ஆளெடுப்பது, நடமாட்டத்தைத் தடுப்பது, ஆதார் மாதிரி அடையாள அட்டைகளைப் பிடித்து வைப்பது, சம்பளத்தை நிறுத்தி வைப்பது, கடனில் கட்டிப் போடுவது, அளவுக்கு மீறிய ஓவர்டைம் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. மூன்று வருஷம் முடிந்தால் கல்யாணத்துக்கு மொத்தப் பணம் என்று சொல்லி நம் மாவட்டத்திலும் பக்கத்து மாவட்டங்களிலும் பெண் பிள்ளைகளை அழைத்துப் போனார்களே, சுமங்கலித் திட்டம், அதில் இந்த அறிகுறிகளில் பல ஒரே இடத்தில் இருந்தன. இப்போது பெரும்பாலும் அந்தப் பெயரில் யாரும் ஆளெடுப்பதில்லை. ஆனால் பணத்தைப் பிடித்து வைத்து ஹாஸ்டலில் நிறுத்துகிற பழக்கம் வேறு பெயரில் கண்ணில் பட்டால் பெயரைப் பார்த்து ஏமாறாமல் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

சம்பள விஷயத்துக்குத் தனி நோட்டு. தினமும் உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம். மாதக் கடைசியில் சம்பளச் சீட்டோடு ஒத்துப் பாருங்கள். ஓவர்டைமுக்கு இரட்டைக் கூலி என்பது நம் நாட்டுச் சட்டம், ஒற்றைக் கூலி போட்டிருந்தால் அதுவே மீறல். ஹாஸ்டல், சாப்பாடு, வேன் என்று எவ்வளவு பிடித்தார்கள் என்பதையும் எழுதுங்கள். எஸ்டேட்டில் என்றால் பழம் எடை போட்டபோது கூடைக்கு எவ்வளவு கழித்தார்கள், செக்ரோலில் (வருகைப் பதிவேட்டில்) எத்தனை நாள் ஏற்றினார்கள், லைன் வீட்டில் தண்ணீர், கக்கூஸ், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறதா, இதெல்லாம். தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951 என்று பழைய பழக்கத்தில் மனுவில் எழுதிவிடாதீர்கள். 2025 நவம்பர் 21 முதல் அது தொழில்சார் பாதுகாப்புத் தொகுப்பு என்ற புதிய தொழிலாளர் சட்டத்துக்குள் போய்விட்டது. வீடு, மருத்துவம், குழந்தைக் காப்பகம் என்ற கடமைகள் அங்கேயும் தொடர்கின்றன.

படமும் ஆடியோவும் இருந்தால் எடுத்த போனிலேயே அசல் ஃபைலை வைத்திருங்கள். வாட்ஸாப்பில் சாதாரணமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும், எப்போது எங்கே எடுத்தது என்ற விவரமும் போய்விடும். அனுப்பியே ஆக வேண்டுமென்றால் டாக்குமென்டாக அனுப்புங்கள். இந்தியக் கோர்ட்டில் டிஜிட்டல் ஆதாரத்தை ஏற்க வேண்டுமானால் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 63-வது பிரிவுப்படி ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டும், அசல் கையில் இருந்தால்தான் அது சிக்கலில்லாமல் முடியும்.

இனி சொல்லப்போவது எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். வாக்குமூலம் கொடுக்கிற பெண்ணிடம், இது யார் யார் கைக்குப் போகும், பெயர் போடலாமா, ஊர் போடலாமா, செக்ஷன் போடலாமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுச் சம்மதம் வாங்குங்கள். சம்மதித்த பிறகு மனம் மாறினால் மறுபேச்சு பேசாமல் எடுத்துவிடுங்கள். "அண்ணா, என் பேரு வெளிய வந்துச்சுன்னா மில்லுக்காரன் நிறுத்தறது இருக்கட்டும், எங்கப்பா மொதல்ல வீட்ட விட்டே அனுப்ப மாட்டாரு" என்று சொல்கிற பெண்கள் இருக்கிறார்கள், அவர்கள் பயம் நியாயமானது. பன்னிரண்டு பேர் இருக்கிற செக்ஷனில் 'ஒரிசாவிலிருந்து வந்த பெண்' ஒருத்திதான் என்றால் பெயரை மறைத்து எந்தப் பிரயோஜனமும் இல்லை. அவர்களிடம் எடுக்கும் வாக்குமூலத்தை அவர்கள் பேசுகிற மொழியிலேயே எழுதி, படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். வீடியோ போட்டு வைரலாக்குவது பெரும்பாலும் அந்தப் பெண்ணைத்தான் முதலில் காவு வாங்கும்.

உள்ளூர் வாசல்கள்

வெளிநாட்டுக்கு எழுதும் முன் உள்ளூரில் எல்லாக் கதவையும் தட்டி முடித்திருக்க வேண்டும் என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை. ஆனாலும் ஒரு ரசீது கையில் இருந்தால் பேச்சு மாறும். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் மனு கொடுத்து எண் வாங்குங்கள். தொழிலாளர் துறைக்கும், தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கும் ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்ட். முப்பது நாள் கழித்து ஆர்டிஐ போடுங்கள், பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும்: என் மனுவின் மேல் என்ன நடவடிக்கை, இந்த ஃபேக்டரியைக் கடைசியாக எப்போது ஆய்வு செய்தீர்கள், ஆய்வறிக்கையின் நகல் கொடுங்கள். கழிவு, புகை விவகாரமென்றால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கொடுத்த இசைவாணையின் நகலும் கேளுங்கள். என்னென்ன நிபந்தனை போட்டிருக்கிறார்கள் என்று பார்த்தால்தான் எது மீறல் என்று தெரியும்.

புகார் கொடுக்க வேண்டிய கெடுவைத் தவற விடாதீர்கள். பாலியல் தொல்லைப் புகாருக்கு மூன்று மாதம், தேசிய மனித உரிமை ஆணையத்துக்கு ஒரு வருஷம். பசுமைத் தீர்ப்பாயத்தில் பொதுவான வழக்குக்கு ஆறு மாதம், நஷ்டஈடு கேட்பதற்கு ஐந்து வருஷம். பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடி மக்கள், ஆலைத் தொழிலாளர்கள் எல்லோருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. சேலம் கோர்ட் வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், அல்லது 15100-க்குப் போன் போடுங்கள். சேர்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடி மக்களுக்கு 2006 வன உரிமைச் சட்டமும் கிராமசபையும் கூடுதல் பலம். ஒடிசாவின் நியமகிரியில் 2013-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னபடி கிராமசபைகளைக் கூட்டினார்கள், பன்னிரண்டு கிராமசபையும் வேதாந்தாவின் பாக்சைட் சுரங்கம் வேண்டாம் என்று சொன்னது, சுரங்கம் வரவில்லை.

கடல் தாண்டி எழுதுவது

முதல் கடிதம் பிராண்டுக்கே. அவர்கள் இணையதளத்தில் சப்ளையர் நடத்தை விதி என்று ஒன்று இருக்கும். அதை இறக்கி, எந்த வரி எங்கே மீறப்பட்டது என்று காட்டுங்கள். ஐநா மனித உரிமைக் கவுன்சில் 2011-ல் ஏற்ற வணிகமும் மனித உரிமையும் பற்றிய வழிகாட்டு நெறிகளில், தன் சப்ளையர் செய்கிற மீறலுக்கும் கம்பெனி கண் திறந்து பார்த்துச் சரிசெய்யப் பாடுபட வேண்டும் என்று இருக்கிறது. இதை மேற்கோள் காட்டுங்கள். தொழிலாளி பெயரைப் போடாதீர்கள், சங்கத்தின் பெயரில் அனுப்புங்கள். பதிலுக்கு ஒரு தேதியும் குறியுங்கள்.

ஜெர்மன் கம்பெனி என்றால் அந்தக் கடிதத்துக்கு வேறு எடை உண்டு. 2023-ல் நடைமுறைக்கு வந்த அவர்கள் சப்ளை செயின் சட்டப்படி நேரடி சப்ளையரைத் தவறாமல் கண்காணிக்க வேண்டும். நூல் மில் மாதிரி இரண்டு மூன்று கை தள்ளி இருப்பவர்கள் விஷயத்தில், மீறல் நடப்பதாக ஆதாரத்தோடு தகவல் வந்தால்தான் கடமை தொடங்குகிறது. அந்தத் தகவல் உங்கள் கடிதம்தான். நீங்கள் எழுதாதவரை அவர்களுக்கு 'தெரியாது', எழுதிய நாளிலிருந்து தெரியாது என்று சொல்ல முடியாது. சட்டம் பொருந்துகிற ஒவ்வொரு கம்பெனியும் வெளியாட்களிடமிருந்தும் புகார் வாங்க ஏற்பாடு வைத்திருக்க வேண்டும், பலிக்கவில்லையென்றால் பாஃபா என்ற அரசு அலுவலகத்துக்குப் போகலாம். இந்தச் சட்டத்தின் பல்லைப் பிடுங்குகிற வேலை அங்கே நடந்துகொண்டேயிருக்கிறது, ஐரோப்பிய ஒன்றியம் 2024-ல் கொண்டுவந்த பொதுச் சட்டத்தையும் தள்ளிப்போட்டு நறுக்கிவிட்டார்கள். அதனால் கடிதம் அனுப்பும் வாரத்தில் சட்டம் என்ன நிலையில் இருக்கிறது என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். பிரான்ஸில் 2017 முதல் பெரிய கம்பெனிகளுக்கு இதே மாதிரி ஒரு சட்டம் இருக்கிறது, அதை வைத்து அந்த ஊர்க் கோர்ட்டுக்கே போகலாம்.

நம் ஆட்கள் அதிகம் பயன்படுத்தாத, ஆனால் எனக்கு மிகவும் பிடித்த வழி நார்வேயுடையது. 2022 ஜூலையில் நடைமுறைக்கு வந்த வெளிப்படைத்தன்மைச் சட்டப்படி, அந்த நாட்டில் தொழில் செய்கிற பெரிய கம்பெனிகளிடம் உலகத்தில் யார் வேண்டுமானாலும் எழுதிக் கேட்கலாம்: இந்தப் பொருள் செய்கிற இடத்தில் மனித உரிமை, கௌரவமான வேலை நிலைமை பற்றி நீங்கள் என்ன சோதித்தீர்கள், என்ன கண்டீர்கள், என்ன செய்தீர்கள்? மூன்று வாரத்துக்குள் எழுத்தில் பதில் வர வேண்டும், விஷயம் பெரிதென்றால் இரண்டு மாதம். கிட்டத்தட்ட தனியார் கம்பெனிக்கு ஆர்டிஐ போடுகிற மாதிரிதான். பிராண்ட் நார்வேயில் கடை வைத்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஈமெயிலில் நாலு வரி ஆங்கிலம் போதும், காலேஜ் படிக்கிற பிள்ளை யாராவது எழுதிக் கொடுத்துவிடுவார்கள்.

அப்புறம் ஓஇசிடி, அதாவது பெரும்பாலும் பணக்கார நாடுகள் சேர்ந்த பொருளாதாரக் கூட்டமைப்பின் வழி. ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் பன்னாட்டுக் கம்பெனிகளுக்கான ஓஇசிடி நெறிகளை ஏற்றிருக்கின்றன, ஒவ்வொன்றும் புகார் வாங்கத் தேசியத் தொடர்பு மையம் என்று ஓர் அலுவலகம் வைக்க வேண்டும். இந்தியா அதில் இல்லை, கம்பெனியின் தாய்நாடு இருந்தால் போதும். கட்டணமில்லை, வக்கீல் வேண்டாம். தீர்ப்பு சொல்லமாட்டார்கள், இரண்டு பக்கத்தையும் உட்கார வைத்துப் பேசுவார்கள், ஒத்துவரவில்லையென்றால் அறிக்கை வெளியிடுவார்கள். மெதுவாகத்தான் நகரும், ஒரு வருஷம் தாண்டுவது சகஜம். ஆனால் அந்த அறிக்கையை முதலீட்டாளர்கள் படிக்கிறார்கள். 2009-ல் நியமகிரி விஷயத்தில் பிரிட்டன் மையம் வேதாந்தா நெறிகளை மீறியது என்று எழுதியது. அதைக் காட்டி முதலீட்டாளர்களிடம் கேள்வி கேட்க முடிந்தது.

முதலீட்டாளர் என்றதும் மேட்டூரைச் சொல்லாமல் போக முடியாது. ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் பாக்சைட் வெட்டி மேட்டூர் ஆலைக்குக் கொண்டுபோனது மால்கோ, அதன் மேலே இருந்தது லண்டன் பங்குச் சந்தையில் இருந்த வேதாந்தா. நார்வே அரசின் ஓய்வூதிய நிதிக்கு அறநெறிக் குழு என்று ஒன்று உண்டு. அந்தக் குழு வேதாந்தாவின் நான்கு இந்தியக் கம்பெனிகளை ஆராய்ந்தது, அதில் ஒன்று நம் மால்கோ. சுற்றுச்சூழல் சேதமும் மனித உரிமை மீறலும் கடுமையானவை என்று சொல்லி 2007-ல் அந்த நிதி வேதாந்தா பங்குகளை விற்று வெளியேறியது. மேட்டூர் ஆலைச் சங்கதி ஆஸ்லோவில் ஒரு மேசைக்குப் போய்ச் சேர்ந்தது என்றால் யாரோ அதை எழுதி வைத்திருந்ததால்தான். பெரிய பிராண்டுகளின் ஆண்டறிக்கையில் முக்கியப் பங்குதாரர்கள் யார் என்று இருக்கும். நார்வே, ஸ்வீடன், நெதர்லாந்து ஓய்வூதிய நிதிகள் இருந்தால் கடிதத்தின் நகலை அங்கேயும் அனுப்புங்கள்.

தாய்க் கம்பெனியின் நாட்டில் கேஸ் போடுவது பெரிய வேலை, வக்கீல் இல்லாமல் முடியாது. ஆனால் கதவு திறந்திருக்கிறது. ஜாம்பியாவில் வேதாந்தாவின் செம்புச் சுரங்கம் ஆற்றைக் கெடுத்தது என்று 1,826 கிராமத்து மக்கள் லண்டனில் கேஸ் போட்டார்கள். அது தனிக் கம்பெனி, எங்களுக்குச் சம்பந்தமில்லை என்று தாய்க் கம்பெனி வாதாடியது. 2019 ஏப்ரலில் பிரிட்டன் சுப்ரீம் கோர்ட் கேஸை நடத்தலாம் என்று சொன்னது, 2021-ல் சமரசமானது. அங்கே மக்களுக்கு உதவியது என்ன தெரியுமா? துணைக் கம்பெனிகளின் சுற்றுச்சூழல் தரத்தை நாங்கள்தான் மேற்பார்க்கிறோம் என்று தாய்க் கம்பெனி தானே பெருமையாக அச்சடித்து வைத்திருந்த ஆவணங்கள். ஆகவே அந்த வழவழப்பான அறிக்கைகளை இன்றைக்கே இறக்கி, தேதி போட்டுச் சேமியுங்கள், நாளைக்கு இணையத்தில் இருக்காது.

பையர் ஓடிப்போனால்?

இந்தக் கேள்வியைத் தொழிலாளிகள்தான் முதலில் கேட்பார்கள். புகார் வந்ததும் ஆர்டரை ரத்து செய்துவிட்டுக் கையைக் கழுவுகிற பிராண்டுகள் உண்டு, அப்போது தெருவில் நிற்பது நம் பெண்கள். அதனால் முதல் கடிதத்திலேயே தெளிவாக எழுதுங்கள்: ஆர்டரை நிறுத்தக் கேட்கவில்லை, இருந்து சரிசெய்யத்தான் கேட்கிறோம், சரிசெய்ய ஆகும் செலவில் உங்கள் பங்கையும் கேட்கிறோம். அமெரிக்க சுங்கத் துறை, கட்டாய உழைப்பில் செய்த பொருள் என்று சந்தேகித்தால் 1930-ஆம் வருஷச் சுங்கச் சட்டத்தின் 307-வது பிரிவில் சரக்கையே நிறுத்திவிடும், யார் வேண்டுமானாலும் தகவல் கொடுக்கலாம். அது கடைசி ஆயுதம். தொழிலாளிகள் கூடிப் பேசி முடிவெடுக்காமல் வெளியாள் யாரும் அதைத் தொடக்கூடாது என்பது என் தீர்மானமான கருத்து.

திண்டுக்கல்லில் நடந்ததைப் பாருங்கள். 2021 ஜனவரியில் நாச்சி அப்பேரலில் வேலை பார்த்த தலித் பெண் ஒருவர் கொல்லப்பட்டார், சூப்பர்வைசர் மேல் வழக்கு. பெண்கள் தலைமையில் நடக்கும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் விடவில்லை. ஆசிய அளவிலும் அமெரிக்காவிலும் உள்ள தொழிலாளர் அமைப்புகளைச் சேர்த்துக்கொண்டு 2022 ஏப்ரலில் நாச்சியின் தாய்க் கம்பெனியான ஈஸ்ட்மேன் நிறுவனத்தோடும் அதன் பையரான எச்அண்ட்எம்மோடும் ஒப்பந்தம் போட்டார்கள், பிறகு கேப், பிவிஎச் என்ற துணிக் கம்பெனிகளும் சேர்ந்தன. அந்த ஜூலையில் அமெரிக்க சுங்கத் துறை நாச்சியின் சரக்கை நிறுத்தியது, செப்டம்பரிலேயே தடை விலகியது. லைனில் வேலை பார்க்கிற பெண்களிலேயே கண்காணிப்பாளர்கள் நியமிக்கப்பட்டார்கள், சப்ளையர் ஒப்பந்தத்தை மீறினால் பிராண்ட் ஆர்டர் விஷயத்தில் நடவடிக்கை எடுத்தே ஆக வேண்டும் என்று எழுதப்பட்டது. நான் படித்தவரை இதில் பலன் கொடுத்தது அந்தக் கடைசி நிபந்தனைதான். வருஷத்துக்கு ஒரு தடவை பையர் வருகிறார் என்று கக்கூஸைக் கழுவி, மாஸ்க் கொடுத்து, என்ன கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று பாடம் நடத்துகிற ஆடிட்டால் ஆகாத வேலை அது.

யூனிலீவரின் இந்தியக் கம்பெனி நடத்திய கொடைக்கானல் பாதரசத் தெர்மாமீட்டர் ஆலைக் கதை வேறு விதம். ஊருக்குள் ஒரு பழைய சாமான் கடையில் பாதரசக் கண்ணாடிக் கழிவு கிடப்பதைக் காட்டிய பிறகு 2001-ல் ஆலை மூடியது. 591 முன்னாள் தொழிலாளர்களுக்கும் குடும்பங்களுக்கும் யூனிலீவர் சமரசம் செய்துகொள்ள 2016 ஆனது. அத்தனை வருஷமும் சங்கம் கலையாமல் இருந்தது, மருத்துவக் காகிதங்கள் தொலையாமல் இருந்தன. உங்கள் விவகாரமும் இழுக்கும் என்று வைத்துக்கொண்டே ஆரம்பியுங்கள். ஸ்கேன், எக்ஸ்ரே, மாத்திரைச் சீட்டு எல்லாவற்றையும் இரண்டு பிரதி எடுத்து இரண்டு வீட்டில் வையுங்கள்.

பேச்சு முடிந்து காகிதம் வந்தால் உடனே கையெழுத்துப் போடாதீர்கள். யார் யாருக்கு எவ்வளவு, எந்தத் தேதிக்குள், நேராகப் பேங்க் கணக்குக்கா என்று பாருங்கள். மில் வழியாக வருகிற பணத்தில் பிடித்தம் நடக்கும். வெளியே பேசக்கூடாது என்ற நிபந்தனை இருந்தால் அது தொகையை மட்டும் மூடுகிறதா, நடந்ததையே மூடுகிறதா என்று வக்கீலிடம் கேளுங்கள். தொகையை மூடினால் சம்மதிக்கலாம், நடந்ததை மூடினால் கூடாது. புகார் கொடுத்தவரை வேலையை விட்டு நிறுத்தினால் என்ன ஆகும், யார் எப்போது வந்து மறுபடி பார்ப்பார்கள், அப்படிப் பார்ப்பவருக்குச் சம்பளம் யார் கொடுப்பது, மூன்றுக்கும் விடை எழுத்தில் இருக்க வேண்டும். ஆங்கிலக் காகிதத்தோடு தமிழ்ப் பிரதியும் கேளுங்கள், வெளிமாநிலப் பெண்கள் இருந்தால் ஒடியாவிலும் இந்தியிலும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் எது செல்லும் என்று கடைசிப் பக்கத்தில் இருக்கும், அதையும் படித்துவிட்டு, கேன்டீன் சுவரில் அந்தப் பிரதிகளை ஒட்டச் சம்மதமா என்று கம்பெனியிடம் கேட்டு, அதையும் ஒரு வரியாக ஒப்பந்தத்திலேயே சேர்த்துவிடுங்கள்.